பேச்சிலிருந்து போன ‘ங்க’

‘நார்மல்’ என்ற சொல்லைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாமக்கல்லில் ஒரு ஸ்கேன் சென்டரில், மண்டையில் அடிபட்டவர்களின் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர் நான். சிடி ஸ்கேனில் ஒன்றும் தெரியாவிட்டால் நார்மல் என்று எழுதி அனுப்பிவிடலாம். யாரும் கேட்கமாட்டார்கள்.

போன வருடம் ஒரு பெண் தன் கணவரை எம்ஆர்ஐ எடுக்க அழைத்து வந்தார். அவருக்கு ரிக் வண்டியில் போய் ஆழ்துளைக் கிணறு போடும் வேலை. இரும்புக் குழாய் சரிந்து தலையில் அடித்திருந்தது. வேறு இடத்தில் எடுத்த சிடி நார்மல். காயமும் ஆறிவிட்டது. இப்போது என்ன தொந்தரவு என்று கேட்டேன்.

“பேச்சுல ‘ங்க’ போயிருச்சுங்க” என்றார்.

நான் ஆத்தூர்ப் பக்கம்; கொங்குக்காரர்கள்போல வார்த்தைக்கு வார்த்தை மரியாதைக்கு ‘ங்க’ சேர்க்கும் பழக்கம் எங்களுக்கில்லை. எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை.

“ஊட்டுல மாட்டைக்கூட ‘தள்ளி நில்லுங்க’ம்பாருங்க. இப்ப எங்கப்பாவையே வா, போங்கறாரு. எல்லாரும் திமிருங்கறாங்க.”

கூட வந்திருந்த ரிக் முதலாளியும் அதையேதான் சொன்னார். “என்னையே போடாங்கறான் பாருங்க. சிடி நார்மல், ஆளுக்குத்தான் கொழுப்பு. திங்கக்கெழமை வண்டி கெளம்புது, ஏத்தி உட்டா சரியாயிரும்.”

நிதானம் இழந்த ஒருவரை ஓடும் எந்திரத்தின் பக்கத்தில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்தப் படங்களையும் நான்தானே பார்க்கிறேன்.

எம்ஆர்ஐயில் நெற்றிக்குப் பின்னால், தாளிக்கும்போது தெறித்த கடுகுபோலக் கறுப்புப் புள்ளிகள். அடியின் வேகத்தில் நரம்பிழைகள் அறுந்து ரத்தம் கசிந்த தடம். நாக்கையும் கோபத்தையும் அடக்கி வைக்கிற இடம் அது. சிடியில் இது பெரும்பாலும் தெரியாது.

சென்டரின் பெரிய டாக்டர் எட்டிப் பார்த்தார். “சின்னப் புள்ளிதானேம்மா, எதுக்கு வம்பு?” என்றார். நான் ஒரு புள்ளியையும் விடாமல் எழுதினேன். குணம் மாறியதற்கு இந்தக் காயம் காரணமாக இருக்கலாம், நரம்பு டாக்டர் பார்க்கும்வரை எந்திர வேலை கூடாது என்றும் சேர்த்தேன். அது நம் வேலையில்லை என்றார். கையெழுத்து என்னுடையது என்றேன்.

முதலாளியைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினேன். “இதுல கொழுப்பு எங்கே இருக்குன்னு நீங்களே காட்டுங்க.”

குனிந்து பார்த்தார். பிறகு, “திங்கக்கெழமைக்கு வேற ஆளைப் பாத்துக்கறனுங்க” என்றார்.

அதற்குள் அடிபட்டவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். “ஏ டாக்டர், ஆச்சா இல்லியா? எத்தனை நேரம் உக்காருறது?”

பின்னாலேயே ஓடிவந்த மனைவி கூசிப்போனார். “மன்னிச்சுக்கங்க மேடம்.”

“இவருக்காக இனிமே யார்கிட்டயும் மன்னிப்புக் கேக்காதீங்க” என்றேன்.

பிறகு அவரைப் பார்த்து, “ஆச்சுங்க. உக்காருங்க” என்றேன்.