மன்னிக்கிற வரியில் வருகிற இருமல்

என் சித்தி மகன் சோபா தைக்கிறவன். சபையில் அவனுக்கு இடி என்று பெயர். வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டு ரெக்ஸின் அடிக்கும்போது மட்டும்தான் அந்த வாய் சும்மா இருக்கும். மற்ற நேரமெல்லாம் ஜெபம்.

"ஜெபத்துல நான் பிசாசோட மல்லுக்கட்டுறேன்க்கா" என்பான் என்னிடம். மல்லுக்கட்டுவதற்கென்றே ஒரு மெத்தை தைத்து வைத்திருந்தான். நாலு விரல் கனத்துக்கு ஸ்பாஞ்ச், மேலே சிவப்பு ரெக்ஸின், தூக்கிப்போக ஒரு கைப்பிடி. முழங்கால் நோகாமல் போர் செய்கிற வீரனை நான் வேறெங்கும் கண்டதில்லை. அவன் வாயைத் திறந்தால் நாலு வீடு தள்ளித் தூங்கும் குழந்தை எழுந்து அழும். கர்த்தருக்குக் காது மந்தம் என்று இவனுக்கு யார் சொன்னார்களோ.

சித்திக்கு ஆறு பிறந்து தங்கியது இரண்டு. இவன் மூத்தவன். சின்னவன் பஸ் டிரைவர், அதிகம் பேசமாட்டான்.

சித்தி செத்த அன்று நல்ல உச்சி வெயில். பெட்டியை மூடுவதற்கு முன்னால் இடி ஜெபிக்க ஆரம்பித்தான். அரை மணி ஆயிற்று. ஆதாமில் தொடங்கியவன் மோசேயைத் தாண்டவில்லை. தூக்க வந்தவர்கள் கால் மாற்றி மாற்றி நிற்கிறார்கள். சின்னவன் மெதுவாக, "போதும்ணே, அம்மா இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பாங்க" என்றான். யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். நானும்தான்.

அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷம் தம்பியோடு பேச்சு இல்லை.

"பேசினது அவன் இல்லக்கா. அவனுக்குள்ள இருந்து சாத்தான் பேசினான்."

"அப்படின்னா அன்னைக்கு வெயில்ல நின்ன எங்களுக்கெல்லாம் சாத்தான்தான்டா உபகாரம் பண்ணினான்" என்றேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை தோறும் கூட்டத்தில் தம்பியைப் பிடித்த பிசாசை விரட்டுவான். முடிவில் எல்லாரும் சேர்ந்து பரமண்டல ஜெபம் சொல்லுவோம். நமக்குக் கெடுதல் செய்தவர்களை மன்னிக்கிறோம் என்கிற வரி வந்ததும் இவனுக்கு இருமல் வந்துவிடும். ஸ்பாஞ்ச் தூசி என்றுதான் முதலில் நினைத்தேன். ஏழெட்டு வாரம் கவனித்தேன். ஒரே ஒரு வரிக்கு மட்டும் வருகிற இருமல்! வரி தாண்டியதும் தொண்டை கண்ணாடி மாதிரி தெளிந்துவிடும்.

"ஏன்டா, பொய் சொல்லக் கூடாதுன்னுதான் இருமுறியா?"

"தூசிக்கா."

நேரே நின்று பொய் சொல்லப் பயம் இருக்கிறதே, அதுவரைக்கும் பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

போன வருஷம் சின்னவனுக்குத் தொண்டையில் புற்று. ஆபரேஷன் செய்தால் உயிர் தங்கலாம், குரல் தங்காது என்றார் டாக்டர். ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலையில் சின்னவன் எனக்குப் போன் செய்தான். குரல் ரம்பம் அறுப்பது போல இருந்தது.

"அண்ணன வரச் சொல்லுக்கா. குரல் இருக்கும்போதே அண்ணன்கூட ஒரு தடவ பரமண்டல ஜெபம் சொல்லணும். அம்மா எங்க ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வெச்சுச் சொல்ல வெப்பாங்களே, அது மாதிரி."

இழுத்துக்கொண்டு போனேன். வந்தான், மெத்தையோடு. தம்பி முகத்தைப் பார்க்காமல் கட்டில் காலைப் பார்த்தான். மெத்தையைப் போட்டு மண்டியிட்டு, கட்டியைப் பார்த்துக் கட்டளையிட ஆரம்பித்தான். நர்ஸ் ஓடி வந்தாள்.

"பெரியவரே, இது ஆஸ்பத்திரி. மெதுவா சொல்லுங்க."

"மெதுவா சொன்னா அது போகாதும்மா."

"அது போகத்தான் நாளைக்கு ஆபரேஷன் வெச்சிருக்கு."

இடி அடங்கியதும் சின்னவன் பரமண்டல ஜெபத்தைத் தொடங்கினான். இரண்டு குரலும் சேர்ந்து போயின. அந்த வரி வந்தது. இடி இருமினான். சின்னவன் அதைத் தாண்டிப் போகவில்லை. நிறுத்திவிட்டு அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தான். இவன் இன்னொரு தரம் இருமினான். அவன் அப்படியே காத்திருந்தான். மூன்றாவது இருமலுக்கு இவனிடம் சரக்கு இல்லை.

"நாளைக்கு என்னால சொல்ல முடியாதுண்ணே" என்றான் சின்னவன்.

இடிக்கு வியர்த்துக் கொட்டியது. ஊரார் வீட்டுப் பிசாசையெல்லாம் நொடியில் விரட்டியவன், ஒரு வரியோடு மல்லுக்கட்டி மூச்சு வாங்கினான். மெத்தை வழுக்கி அந்தப் பக்கம் போய்விட்டது. வெறுந்தரையில் முழங்கால் இருப்பதுகூட அவனுக்கு உறைக்கவில்லை. வாய் திறந்து திறந்து மூடியது. கடைசியில் சொன்னான். பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது. கேட்க வேண்டியவருக்கு முழுசும் கேட்டிருக்கும். சின்னவன் கையை எட்டி அண்ணன் தலைமேல் வைத்தான். என் அறிவுக்கு எட்டினவரை, இடி தன் ஆயுசில் செய்த ஜெபம் அது ஒன்றுதான்.

சின்னவன் பிழைத்தான். குரல் போயிற்று.

அதோடு இடி திருந்திவிட்டான் என்று நினைத்தால் உங்களுக்கு எங்கள் குடும்பத்தைத் தெரியாது. அடுத்த மாதமே சபையில் சாட்சி சொல்ல எழுந்தான். "நான் கட்டளையிட்டேன்! நோய் ஓடிப்போச்சு!" டாக்டரையும் காணோம், கத்தியையும் காணோம். கால் மணி ஆயிற்று. முன் வரிசையில், கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு சின்னவன். பஸ்ஸை நிறுத்தக் காட்டுவது போல மெல்ல ஒரு கையைத் தூக்கினான்.

இன்னொரு பன்னிரண்டு வருஷமா?

இடி பார்த்தான். வாய் பாதியில் நின்றது. "ஆமென்" என்றான். போய்த் தம்பியை ஒட்டி உட்கார்ந்தான்.