கையை எடுத்தால் மூடிக்கொள்ளும் குழாய்

டேங்க்காரர் குடித்துவிட்டுத் தூங்கினார், அதனால்தான் கப்பல் எரிந்தது என்று இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். யார் பார்த்தது? எதிர்வீட்டுத் தையல்காரர் பெண்டாட்டி பார்த்தாளா? அவள் கப்பலைப் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. அக்கா மகனை நெருப்பில் விட்டுவிட்டு உயிருக்குப் பயந்து ஓடிவந்தவர் என்கிறாள். ஓடிவந்தவருடைய வலது கை ஏன் மணிக்கட்டு வரைக்கும் வெந்து சுருங்கிக் கிடந்தது என்று மட்டும் கேட்க மாட்டாள். கேட்டால் பேச்சு நின்றுபோகுமே.

தெருவில் அவருக்கு டேங்க்காரர் என்று பெயர். கப்பல் எஞ்சின் அறையில் வேலை. கல்யாணம் காட்சி என்று எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. புருஷனை இழந்த அக்காவும் அவளுடைய ஒரே மகனும்தான் குடும்பம். விடுப்பில் வந்தால் மாடியில் இருந்த அக்காவின் அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவார். சாப்பிட்டுக்கொண்டே தொட்டிக் கதை சொல்வார். கப்பலின் அடிவயிற்றில் பெரிய தொட்டி. அதில் இருக்கிற எண்ணெய் தார் மாதிரி, சூடு காட்டினால்தான் அசையும். அதை அப்படியே கொடுத்தால் எஞ்சினுக்கு வயிற்றுப்போக்குதான் என்பார். அதனால் மேலே இன்னொரு தொட்டிக்கு ஏற்றி, சூடாக, அலுங்காமல் வைப்பார்கள். தண்ணீரும் அழுக்கும் அடியில் இறங்கிவிடும். தெளிந்ததை இன்னும் சுத்தம் பண்ணி அடுத்த தொட்டியில் நிரப்பினால் எஞ்சின் அதிலிருந்து குடிக்கும். கசடு எல்லாம் கழிவுத் தொட்டிக்கு. இது போக மசகெண்ணெய்க்குத் தனி, குடிதண்ணீருக்குத் தனி.

"இங்க ஒரு தொட்டிக்கே தண்ணி வரல, நீ வேற ஏன்டா வயித்தெரிச்சலக் கிளப்புற" என்பாள் அக்கா. இருந்தாலும் காது கொடுத்துக் கேட்பாள். எல்லாம் கேட்டாள். அதை மறக்க வேண்டாம்.

தெளிய வைக்கிற அந்தத் தொட்டியின் அடியில் ஒரு வால்வு உண்டு. அதைக் கையால் பிடித்திருக்கும் வரைதான் திறந்திருக்கும். கையை எடுத்தால் தானே மூடிக்கொள்ளும். வேண்டுமென்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். தண்ணீர் வடிந்து எண்ணெய் தலை காட்டும் வரை ஆள் அங்கேயே நிற்க வேண்டும். அனலில் நிற்பது யாருக்கும் பிடிக்காது. ஆனாலும் நிற்கத்தான் வேண்டும்.

வீட்டு முற்றத்துக் குழாயும் அந்த ஜாதிதான். தண்ணீர் வீணாகிறது என்று வீட்டுச் சொந்தக்காரர் ஸ்பிரிங் வைத்த குழாயைப் போட்டுவிட்டுப் போனார். மருமகன்காரன் அதற்கும் வழி கண்டான். செம்புக் கம்பியை வளையமாக முறுக்கி, கை கிழிக்காமல் சிவப்புத் துணி சுற்றி, குழாயின் கைப்பிடியில் மாட்டிவிடுவான். வாளி தானே நிரம்பும். அவன் தெருமுனையில் அரட்டை அடித்துக்கொண்டிருப்பான். முற்றமெல்லாம் தண்ணீர் ஓடினாலும் அக்காவுக்குப் பெருமைதான். என் பிள்ளை மூளையைப் பார்த்தீர்களா என்று வீடு வீடாகச் சொன்னாள்.

அந்தப் பிள்ளைக்கு எங்கும் வேலை அமையவில்லை. அக்கா நச்சரித்தாள். இவர் யார் யார் காலையோ பிடித்துத் தன் கப்பலிலேயே சேர்த்துவிட்டார்.

நெருப்புப் பிடித்தபோது இவர் கழிவுத் தொட்டிப் பக்கம் இருந்தார். புகையைப் பார்த்து ஓடினார். தெளிய வைக்கிற தொட்டியின் வால்வு திறந்தபடி கிடந்தது. கொதிக்கிற எண்ணெய் வழிந்து, கீழே சூடேறிக் கிடந்த குழாயில் விழுந்து பற்றிக்கொண்டிருந்தது. மூடுவதற்கென்று திரும்பி ஓடிவந்த மருமகன் அங்கேயே விழுந்துகிடந்தான். வால்வின் கைப்பிடியில் ஒரு கம்பி வளையம். சிவப்புத் துணி கருகிக்கொண்டிருந்தது.

இவர் அந்தக் கம்பியைக் கையால் பிடித்து இழுத்து அவிழ்த்தார். கை வெந்தது அப்போதுதான். வால்வு மூடிக்கொண்டது. பிறகு பையனைத் தூக்கிக்கொண்டு படியேறினார். மேலே போகும்போதே உயிர் இல்லை.

விசாரணையில், வால்வைத் திறந்துவிட்டு வேறு வேலைக்குப் போனது நான்தான் என்றார். வேலை போயிற்று. இனி எந்தக் கப்பலிலும் ஏற முடியாது. சோம்பலால் செத்தான் என்று அக்கா காதில் விழக் கூடாது, அவ்வளவுதான் அவர் நினைத்தது.

வீட்டுக்கு வந்தவரிடம் அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கீழ் அறையில் தானே பொங்கித் தின்றார். ஆனால் தெருவில் அவளுக்கு நாக்கு இருந்தது. திறந்துவிட்டுத் தூங்கிட்டான், என் பிள்ளையைக் கொன்னுட்டான் என்று அவள்தான் ஆரம்பித்தாள். குடித்திருந்தார் என்பதைத் தையல்காரர் பெண்டாட்டி சேர்த்துக்கொண்டாள். அவர் வாயே திறக்கவில்லை. துக்கம் ஆறட்டும், ஒரு நாள் தம்பி என்று கூப்பிட்டுத் தட்டு வைப்பாள் என்று காத்திருந்தார். அதற்காகத்தான் அந்த வீட்டில் கிடந்தார்.

கேஸ் சிலிண்டரை மாடிக்குத் தூக்க மட்டும் அவர் வேண்டியிருந்தது. அன்றைக்கும் தூக்கிப் போனார். காலி சிலிண்டரை நகர்த்தியபோது பின்னால் சுவரில் ஒரு ஆணி. ஆணியில் சிவப்புத் துணி சுற்றிய வளையம். முற்றத்துக் குழாயில் மாட்டியிருந்த அதே வளையம். தான் வந்ததிலிருந்து அது குழாயில் இல்லை என்பதே அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மாடிப்படிக்குப் பக்கத்து அறையில் இருப்பவர்களுக்கு எல்லாம் கேட்கும். கேட்டது இதுதான்.

"இத எப்பக்கா கழட்டின?"



"சேதி வந்த அன்னிக்கே."

"அப்ப உனக்குத் தெரியும்."

"வால்வு தொறந்து கெடந்துச்சுன்னு சொன்னாங்க. எனக்கா தெரியாது, எம்புள்ள கைவேல?"

"தெரிஞ்சுமாக்கா?"

"செத்தவன் தலையில போடச் சொல்றியா? நீதான் உசுரோட இருக்கியே. தாங்கிக்கோ."

அவர் புது சிலிண்டரை மாட்டி, கசிகிறதா என்று சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். கீழே வந்து நாலு துணியைப் பையில் திணித்தார். கப்பலிலிருந்து கொண்டுவந்த கருகின கம்பியை இத்தனை நாள் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார். அதைக் குப்பைக் கூடையில் போட்டார்.

முற்றத்தில் அக்காவின் வாளி குழாயடியில் பாதி நிரம்பி நின்றது. பையைத் தோளில் மாட்டியபடியே வெந்த கையால் குழாயை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். வாளி நிரம்பியதும் கையை எடுத்தார். தண்ணீர் நின்றது. வாளியைப் படிக்கட்டின் கீழே கொண்டுபோய் வைத்தார். மேலே நிமிர்ந்து பார்க்கவில்லை. தையல்காரர் பெண்டாட்டி வாசலில்தான் நின்றாள். எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.