முதல் பாகமா, கடைசிப் பாகமா?

இன்று திருக்கடையூரில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம்.

வேனில் போகும்போது சித்தி மகள் நித்யா கேட்டாள். "அண்ணா, சாமிங்களோடயே சண்டை போடுற அந்த கேம் சீரிஸ் மொத்தமும் வாங்கிட்டேன். எதுலேருந்து ஆரம்பிக்கட்டும்?"

"முதல் பாகத்துலேருந்துதான். அதுல ஹீரோ கொலைவெறியில திரிவான். மகனைப் பொறுப்பா வளக்குற கடைசிப் பாகம் அப்பத்தான் புரியும்."

"அந்தக் கடைசிப் பாகத்தைத்தான் ஏற்கெனவே கொஞ்சம் ஆரம்பிச்சுட்டேனே. நல்ல அப்பாவா இருக்கான். பழசை ஏன் பாக்கணும்?"

விவரம் தெரியாத பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

சடங்கு முடிந்து பந்தியில் உட்கார்ந்தோம். என் பக்கத்தில் வலங்கைமானிலிருந்து வந்திருந்த அப்பாவின் பழைய சிநேகிதர்.

"நீ பொறக்குறதுக்கு முன்னாடி நடந்தது தம்பி. வாய்க்கால் தண்ணியைத் திருப்பிட்டான்னு பக்கத்து வயல்காரனை உங்கப்பா மண்வெட்டியால வெட்டப் போயிட்டான். நாங்கதான் புடிச்சு இழுத்தோம்" என்றார்.

என் அப்பா. பால் பாத்திரத்தை உருட்டும் பூனையைக்கூட அதட்டாதவர்.

எதிரே மாலையும் கழுத்துமாக இருந்தவர் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அதெல்லாம் எதுக்குடா இப்ப? பாயசத்தைச் சாப்புடு" என்றார்.

திரும்பும்போது, "பழசை ஏன் பாக்கணும்?" என்று நித்யா மறுபடியும் கேட்டாள். நான் முன்னால் பார்த்தேன். முன்சீட்டில் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். அவரை நானும் கடைசிப் பாகத்திலிருந்துதான் ஆரம்பித்திருக்கிறேன்.

மொத்தமும் விளையாடி முடித்தவர்கள் சொல்லுங்கள். முதல் பாகத்துக்குப் போகலாமா, இல்லை இங்கேயே சேவ் பண்ணிவிடட்டுமா?