பன்னிரண்டாவது பாஸ்வேர்டு

போன மாதம் பெங்களூரில் ஓர் அரசு அலுவலகத்தையே ஏமாற்றினேன். பதறாதீர்கள். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்!

அரசாங்கக் கம்ப்யூட்டர்களில் உள்ள விஷயங்கள் பத்திரமாக இருக்கின்றனவா என்று பார்த்து ரிப்போர்ட் எழுதும் ஜூனியர் கன்சல்டன்ட் நான். முதன்முறையாகத் தனியாக அனுப்பியிருந்தார்கள். ரிப்போர்ட் நன்றாக அமைந்தால் வேலை நிரந்தரம். சொதப்பினால்... பொம்மனஹள்ளி ரூமில் உட்கார்ந்து மறுபடி பயோடேட்டா அனுப்ப வேண்டியதுதான்.

அங்கிருந்த அதிகாரியின் அனுமதியோடு, பக்கத்து அறையிலிருந்து இன்டர்காமில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். "கம்ப்யூட்டர் செக்‌ஷன்லேர்ந்து பேசறேன்... உங்க பாஸ்வேர்டு சொல்லுங்க."

பன்னிரண்டு பேரில் பதினோரு பேர் சொல்லிவிட்டார்கள். ஒருவர் ஸ்பெல்லிங்கோடு சொல்லி, "எழுதிக்கிட்டீங்களா?" என்று அக்கறையாக விசாரித்தார்!

பன்னிரண்டாவது ஆள், தபால் பிரிவு சரோஜா மேடம். அல்சூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழம்மா. "மினிஸ்டரே கேட்டாலும் குடுக்க மாட்டேன்" என்று பட்டென்று போனை வைத்துவிட்டார்.

எனக்கோ ஒரே குஷி. இப்படிப்பட்டவரை நேரில் பாராட்டாமல் இருக்க முடியுமா? லேப்டாப்பும் கையுமாகப் போய் நின்றேன்.

"போன்ல பேசினது நீதானா? கூத்கோப்பா" என்று நாற்காலியைக் காட்டினார். காபி வந்தது. கேள்விகளும் வந்தன.

"எந்த ஊருப்பா?"

"தர்மபுரி பக்கம், மேடம்."

"வயசு?"

"இருபத்து நாலு."

"ஹௌதா, அப்படியா! எங்க அண்ணன் பொண்ணு ஒண்ணு எம்.எஸ்சி. முடிச்சிருக்கா. ஆமா, உங்க குலதெய்வம் எது?"

குலதெய்வம் வரை வந்தாயிற்று என்றால் அடுத்து ஜாதகம்தானே? எனக்குத் தலைகால் புரியவில்லை. "முனியப்பன்" என்றேன், முகமெல்லாம் பல்லாக. பிறகு, விதி தவறாமல் லேப்டாப்பை லாக் செய்துவிட்டு, கை கழுவப் போனேன். தலையையும் வாரிக்கொண்டேன் என்பது உங்களுக்கு மட்டும்.

திரும்பி வந்தால்... ஸ்கிரீன் திறந்து கிடக்கிறது. என் ரிப்போர்ட்டை மேடம் சாவகாசமாகப் படித்துக்கொண்டிருக்கிறார்!

"முனியப்பன், பக்கத்துல பொறந்த வருஷம். மூணாவது தடவையிலே தொறந்துக்கிச்சு. நீ எங்க ஆபீசுக்குப் பாடம் எடுக்க வந்தியாக்கும்?"

ஹேக்கிங் செய்ய எத்தனையோ சாஃப்ட்வேர் இருக்கலாம். நம்மவர்களுக்கு அதெல்லாம் எதற்கு? வரன் பார்க்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டால் போதும், எவனும் கொட்டிவிடுவான்.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றார் மேடம். மறைத்திருக்கலாம்தான். மனசு கேட்கவில்லை. 'பாஸ்வேர்டைப் பறிகொடுத்தவர்கள் பன்னிரண்டு பேர். பன்னிரண்டாவது நபர், சோதனை செய்ய வந்தவர்' என்று எழுதினேன்.

எங்கள் மேனேஜர் படித்தார். வயிறு வலிக்கச் சிரித்தார். "உண்மையை எழுதற ஆள்தான் இந்த வேலைக்கு வேணும்" என்றார். வேலை நிரந்தரம்!

பேடா டப்பாவோடு சரோஜா மேடத்திடம் ஓடினேன். அவர் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டதும் மெல்ல ஆரம்பித்தேன். "மேடம்... அந்த... உங்க அண்ணன் பொண்ணு..."

"எனக்கு ஏதுப்பா அண்ணன்? வீட்டுக்கு நான்தான் மூத்தவ!"