வாசலுக்கு வெளியே ஒரு ஷெவி

வெர்லின் கிரப்ஸ் எந்த சர்ச்சுக்குப் போகிறார் என்று எங்கள் பக்கத்தில் யாரும் கேட்டதில்லை. அவர் ஃபோர்டுக்காரர் என்று தெரிந்தால் போதும். டெக்ஸஸின் வடமுனையில், மரங்களைவிட மின்கம்பங்கள் அதிகம் நிற்கும் இந்தச் சமவெளியில், ஒரு குடும்பம் ஃபோர்டு பிக்கப் ஓட்டும், இல்லாவிட்டால் ஷெவர்லே, எங்கள் வாயில் ஷெவி, ஓட்டும். இரண்டும் ஒரே அளவு, ஒரே பாரம் இழுக்கும், ஒரே புழுதியைத் தின்னும். ஆனாலும் காபிக் கடையில் ஷெவிக்காரர்களுக்கு மேஜை வேறு. வெர்லினின் அப்பா ஃபோர்டு. தாத்தா கோவேறு கழுதை ஓட்டினார். கையில் காசு இருந்திருந்தால் அவரும் ஃபோர்டுதான் வாங்கியிருப்பார் என்று வெர்லின் சத்தியம் செய்வார்.

அவருக்கு ஒரே மகன், கெல்பி. அவன் போய்ப் போய் ஒரு ஷெவி வீட்டுப் பெண்ணைக் கட்டினான். ஜனெல் நல்ல பெண், வாய்த்துடுக்கும் உண்டு. கல்யாணத்துக்கு அவள் அப்பா ஒரு வெள்ளை ஷெவி வாங்கிக் கொடுத்தார். முதல் ஞாயிற்றுக்கிழமை மணமக்கள் அதில் வந்தபோது, பண்ணை வாசலில் கம்பியில் ஒரு பலகை தொங்கியது. ‘ஃபோர்டு மட்டும் உள்ளே’ என்று வெர்லின் தன் கையாலேயே சிவப்பு பெயிண்டில் எழுதியிருந்தார்.

“என்னப்பா இது?”

“படிக்கத் தெரியாதா? மாமனார் வீட்டுச் சீதனத்தை அங்கேயே நிறுத்திட்டு நடந்து வா. என் வண்டிக்குத் தொத்துநோய் வந்துடப் போகுது.”

“அப்ப ஜனெல்? அவளையும் வெளியவே நிறுத்தணுமா?”

“மருமகளுக்குத் தடையில்ல. பீச் கேக் கையில இருந்தா ஓடியே வரலாம்.”

சிரித்தார்கள். கெல்பி வண்டியை வெளியே விட்டுவிட்டு, வாசலிலிருந்து வீடு வரை அந்த நீண்ட வெள்ளை மண்பாதையில் மனைவியோடு நடந்து வந்தான். சிரிப்பு அன்றோடு தீர்ந்துபோனது. பலகை இறங்கவில்லை. எங்கள் ஆட்களிடம் இதுதான் கோளாறு. விளையாட்டாகச் சொன்னதை விடவே மாட்டோம்.

பனி கொட்டினாலும் கெல்பி வெளியேதான் நிறுத்தினான். குதிரை ஏற்ற வந்தால் டிரெய்லரோடு வாசலில் நிற்பான், குதிரையை அங்கே நடத்திக்கொண்டு போவார்கள். அவன் அம்மா ஆர்லீன் செத்த அன்றும் அந்த வெள்ளை வண்டி வேலிக்கு வெளியேதான் நின்றது. யாரும் சொல்லவில்லை, அவனாகவே நிறுத்தினான். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த வெர்லினுக்கு, உள்ளே ஓட்டிக்கொண்டு வாடா என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. அடுத்த முறை சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

இந்த மார்ச்சில் தீ வந்தது. காய்ந்த புல், பேய்க்காற்று, எங்கோ அறுந்து விழுந்த ஒரு மின்கம்பி. வேறென்ன வேண்டும்? மேற்கே எழுந்த தீ பண்ணைக்கு வடக்காகக் கடந்து போய்க்கொண்டிருந்தது. மாடுகள் ஓடட்டும் என்று வெர்லின் வடக்கு மேய்ச்சலில் வேலியை வெட்டிக்கொண்டே மகனுக்குப் போன் செய்தார்.

“உங்கம்மா குதிரை கொட்டகையில நிக்குதுடா. டிரெய்லரைக் கொண்டாந்து அதை மட்டும் ஏத்திட்டுப் போயிடு.”

“சரிப்பா. நீங்க பாத்து இருங்க.”

அவ்வளவுதான் பேசினார்கள். கெல்பி வந்தான். வாசலில் நிறுத்தினான். கொட்டகைக்கு நடந்து போய், கிழட்டுக் குதிரையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தான். பாதிப் பாதையில் இருந்தபோது காற்று திசை மாறி வடக்கிலிருந்து அடித்தது. கடந்து போய்க்கொண்டிருந்த தீ மொத்தமும் வீட்டுப் பக்கம் பாய்ந்தது. வெர்லின் தன் ஃபோர்டைப் பச்சைக் கோதுமை வயலுக்குள் விட்டு உயிர் தப்பினார். புகை விலகியதும் கருகிய நிலத்தின் மேல் வீட்டைப் பார்த்து ஓட்டினார். டயர்கள் உருகி வண்டி படுத்துவிட, இறங்கி ஓடினார். மகன் பாதையில் கிடந்தான். கயிறு கையிலேயே இருந்தது, குதிரை பக்கத்தில் கிடந்தது.

வாசலைச் சுற்றி மாடுகள் மிதித்து மொட்டையான தரை. அங்கே தீ ஏறவில்லை. ஷெவி ஒரு கீறல் இல்லாமல் நின்றது, பலகையும் தொங்கிக்கொண்டிருந்தது. தூரத்தில் தீயணைப்பு வண்டியின் சத்தம் கேட்டதும் வெர்லின் செய்த காரியத்தை மனிதன் செய்வானா என்றால், செய்வான். கரி படிந்த கையால் பலகையைப் பிய்த்து, ஒளிக்க வேறு இடம் இல்லாமல் ஷெவியின் பின்சீட்டுக்கு அடியில் செருகினார்.

“டிரெய்லரோட வந்தவன் கொட்டகை வரைக்கும் ஓட்டிட்டுப் போயிருந்தா தப்பிச்சிருப்பானே. ஏன் இங்கேயே நிறுத்தினான்?” என்று தீயணைப்புத் தலைவர் கேட்டார்.

“தெரியல,” என்றார் வெர்லின். அவர்களே ஷெவியை ஜனெல் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள்.

அடக்கம் முடிந்து, சர்ச் பெண்கள் கொண்டுவந்த பீன்ஸும் சோள ரொட்டியும் ஆறிக்கொண்டிருந்தபோது ஜனெல் கேட்டாள். கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவள் பண்ணைக்கு வந்திருக்கவில்லை.

“அந்தப் பலகை அன்னிக்கு இருந்துச்சா மாமா?”

“இல்லம்மா. ஜனவரியிலேயே கழட்டிட்டேன். உள்ளேயே ஓட்டிட்டு வாடான்னு போன்லயும் சொன்னேன். பழக்கதோஷத்துல நின்னிருக்கான், பாவம்.”

ஜனெல் தலையை ஆட்டினாள். செத்தவன் மேல் பழியைப் போட்டாகிவிட்டது. அன்றிலிருந்து வெர்லினுக்குச் சோறு இறங்கவில்லை.

தீயில் படுத்த ஃபோர்டு இனி ஓடாது, உயிர் பிழைத்த மாடுகளுக்குத் தீவனம் கொண்டுபோக ஒரு வண்டி வேண்டும். ஊரில் ஃபோர்டு விற்கும் ஓடெல், வெர்லினின் பால்ய நண்பர், ஒரு நீல நிற வண்டியைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார். அதே வாரம் ஜனெல் போன் செய்தாள்.

“அவர் வண்டியைப் பாக்கவே முடியல மாமா. உங்களுக்கு வேணும்னா எடுத்துக்கங்க. இல்லன்னா சனிக்கிழமை ஒருத்தர் வர்றார், குடுத்துடுவேன். குடுக்கறதுக்கு முன்னாடி உள்ள எல்லாம் கழுவணும்.”

கழுவினால் பலகை வெளியே வரும்.

“நீ ஒண்ணும் கழுவ வேணாம். நான் எடுத்துக்கறேன்,” என்றார்.

“யோவ், உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? ஷெவியா?” என்று ஓடெல் காபிக் கடையில் அலறினார். “உன் மாடுங்க ஃபோர்டு ஹார்ன் கேட்டாத்தான் தீவனத்துக்கு வரும். நீ ஷெவில போய் ஹார்ன் அடிச்சா அதுங்க ஏதோ திருடன்னு நினைச்சுக்கும்.”

“நினைக்கட்டும்.”

எதிர் மேஜை ஷெவிக்காரர்கள் எழுந்து வந்து அவர் தோளைத் தொட்டார்கள். மகன் மேல் உள்ள பாசத்தில் கிழவர் தோற்றுக்கொடுத்துவிட்டார் என்று ஊரே கண்கலங்கியது. பாசம் இருந்தது, யார் இல்லை என்றது? ஆனால் அவரை அந்த வண்டியில் ஏற்றியது பயம்.

வண்டியை எடுக்கப் போன அன்று ஜனெல் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, தானும் பின்னால் காரில் வருவதாகச் சொன்னாள். வீட்டு வாசலில் அவள் பார்த்துக்கொண்டு நிற்கும்போது சீட்டுக்கு அடியில் துழாவ முடியுமா? பண்ணைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினார். சீட்டில் மகனின் உடம்பு அழுத்திய பள்ளம் இருந்தது. வழியெல்லாம் அழுதார்.

பண்ணை வாசல் வந்ததும் அவருடைய கால் தானாக பிரேக்கை மிதித்தது. வண்டி, அது எப்போதும் நிற்கும் இடத்தில், சரியாக நின்றது. எதிரே வெற்றுக் கம்பி காற்றில் ஆடியது. கெல்பியின் காலும் இப்படித்தான் மிதித்திருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. ஜனெலின் கார் இன்னும் பின்னால்தான் வருகிறது. அவசரமாகத் திரும்பி, பின்சீட்டுக்கு அடியில் கையை விட்டார். துழாவினார். ஒன்றும் இல்லை.

“தேடாதீங்க மாமா. அது என்கிட்ட இருக்கு.”

அவள் கார் வந்து நின்றதை அவர் கவனிக்கவேயில்லை. ஜனெல் ஜன்னலோரம் நின்றாள். அவள் கையில் பலகை. அதில் இன்னும் கரி ஒட்டியிருந்தது.

“அடக்கம் முடிஞ்ச மறுநாளே கழுவிட்டேன்,” என்றாள். “நீங்களா சொல்லுவீங்கன்னு இத்தனை நாள் பாத்தேன்.”

வெர்லின் சீட்டுக்கு அடியிலிருந்து கையை எடுத்தார்.

“அவர் முட்டாள்தனமா செத்துட்டார்னு நான் அவரைத் திட்டினேன் மாமா. கல்லறையில நின்னு திட்டினேன்.”

“அம்மா ஜனெல்…”

“இறங்குங்க.”

இறங்கினார். அவள் பலகையை அவர் கையில் திணித்தாள். ஷெவியில் ஏறி, கதவைச் சாத்தினாள்.

“நான் இதை உள்ள கொண்டுபோய் விடறேன். நீங்க நடந்து வாங்க.”

மாடுகள் தாண்டாமல் இருக்க வாசல் தரையில் பதித்த இரும்புக் குழாய்கள் தடதடக்க, அந்த வண்டி முதல் தடவையாக உள்ளே போனது. வெர்லின் பலகையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தார். இரண்டு பக்கமும் கருப்பு. மகன் கிடந்த இடம் இன்னும் வரவில்லை. அந்தப் பாதை இவ்வளவு நீளம் என்று அவருக்குத் தெரியாது, அவர் அதில் ஒருநாளும் நடந்து வந்ததில்லை.