எட்வினுக்குச் சிவப்புப் பூ வந்த மார்கழி

எங்கள் சுருளிப்பட்டி பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கும் மாரீஸ்வரிக்கு ஒரே மகன். முத்துக்குமரன் என்று பேர். திருப்பூருக்கு வேலைக்குப் போனவன் கொஞ்ச நாளில் போன் போடுவதை நிறுத்திவிட்டான். சண்டை ஒன்றுமில்லை. மறந்துபோனான், அவ்வளவுதான். மாரீஸ்வரி இதை யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அங்கே தினமும் டீ குடிக்க வரும் ஒச்சாண்டி அண்ணன், அவள் அடிக்கடி போனை எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பதைக் கவனித்திருக்கிறார்.

அண்ணன் அப்போது செல்போனில் வாராவாரம் வருகிற ஒரு தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை அதில் முத்துக்குமரன் என்று ஒரு பையன் வந்தான். கதைக்கு அவனால் எந்தப் பிரயோசனமும் கிடையாது. என்ன நடந்தாலும் அம்மாவுக்குப் போன் போட்டு, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்பான். "வாசல்ல கொலைகாரன் நிக்கிறான், இவன் எதுக்குய்யா அம்மாவுக்குப் போன் போடுறான்?" என்று வெளியூர் வாசகர்கள் திட்டி எழுதினார்கள். அண்ணன் அவனை எடுக்கவே இல்லை. மாரீஸ்வரி வெள்ளிக்கிழமை தோறும் கடையில் அந்தக் கதையைப் போன் வாசிக்கக் கேட்பாள். அந்த இடம் வந்ததும் டீயை ஆற்றிக்கொண்டே, "சாப்ட்டேன்டா" என்று மெதுவாகச் சொல்லிக்கொள்வாள்.

நான் ஒருநாள் அண்ணனிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "கதைக்கு ஆள் பத்தல பூசாரி" என்று சொல்லிவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார்.

நான் எங்கள் ஊர்க் கருப்பசாமி கோயிலில் பூசை செய்கிறவன். ஐந்தாம் வகுப்புவரை படித்திருக்கிறேன். ஒச்சாண்டி அண்ணன் கோயிலுக்கு எதிரே மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். தோட்டத்து மோட்டார் எரிந்துபோனால் எல்லாரும் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஆள் பார்க்கக் கருப்பனுக்கே காவல் நிற்கிற மாதிரி இருப்பார். எழுதுவது காதல் கதை. அதில் கட்டாயம் ஒரு கொலை இருக்கும். கட்டாயம் அது கிறிஸ்துமஸ் சமயத்தில் நடக்கும்.

கிறிஸ்துமஸுக்குக் காரணம் உண்டு. முதல் கதையில் அவர் பொங்கலன்று ஒரு கொலை வைத்தார். கொலைகாரனுக்குக் காளை மாடு இருப்பதாக எழுதிவிட்டார். ஊரில் காளை வைத்திருந்தவர்கள் எல்லாரும் கடைக்கு வந்துவிட்டார்கள். "எவன் வீட்டுக் காளையச் சொன்ன? இப்பத் தெரியணும்." பஞ்சாயத்துப் பேசி முடிக்க மாசி ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அண்ணன் ஒரு முடிவுக்கு வந்தார். "நம்ம பண்டிகையில கொலை வச்சாக் கேக்க ஆள் வர்றாக. கிறிஸ்துமஸ்ல வச்சா இங்கன எவன் கேப்பான்?"

கேட்பதற்கு ஒரே ஒரு ஆள் இருந்தது. ராயப்பன்பட்டியில் மகிமா என்று ஒரு நர்ஸம்மா. அவர்கள் வீட்டு மோட்டாரைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போதெல்லாம் அண்ணன் குடில் எப்படிக் கட்டுவது, பூசை எத்தனை மணிக்கு, கேக்கை யார் வெட்டுவது என்று விசாரித்து வருவார். அந்த அம்மா நல்ல மாதிரி. எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "ஏண்ணே, எங்க பண்டிகைக்கு எதுக்கு வருஷா வருஷம் ஒருத்தரச் சாகடிக்கிறீக?" என்று மட்டும் வருத்தப்பட்டுக் கேட்கும்.

விரலெல்லாம் வார்னிஷ் என்பதால் அண்ணன் போனைத் தொட்டு எழுத மாட்டார். வாயால் சொல்வார், போன் எழுதிக்கொள்ளும். ஒருநாள் கூடலூரிலிருந்து மோட்டார் கொண்டுவந்த ஒருவர் கடை வாசலில் நின்றிருக்கிறார். உள்ளே அண்ணன் கட்டைக் குரலில், "ஏணியைத் தள்ளியது நான்தான் என்று ஸ்டெல்லாவுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் அவளும் இருக்க மாட்டாள்" என்று சொல்லியிருக்கிறார். அந்த ஆள் மோட்டாரை அப்படியே வாசலில் வைத்துவிட்டுப் போனவர்தான். திரும்பி வரவில்லை. அந்த மோட்டார் ரொம்ப நாள் எங்கள் கோயிலில் கிடந்தது. மேலே விளக்கு வைக்க வசதியாக இருந்தது.

அந்த ஏணிக் கதைதான் பெரிய கதை. மேகமலையில் ஒரு பங்களா. கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்ட ஏணியில் ஏறிய முதலாளியை யாரோ தள்ளிக் கொன்றுவிடுகிறார்கள். முதலாளி மகள் ஸ்டெல்லா. அவளைக் காதலிக்கிற டாக்டர் எட்வின். தங்கமான பையன். ஆனால் அவன் மேலும் சந்தேகம் வருகிற மாதிரி அண்ணன் கதையைக் கொண்டுபோனார். முடிவு டிசம்பர் இருபத்து நாலாம் தேதி.

திராட்சைத் தோட்டங்களில் கொத்து வெட்டி அடுக்கும் பெண்களுக்குத் தேவயானிதான் தலைவி. அவள் மகள் ஜோதிகா பந்தலுக்கு அடியில் நின்று கதையை வாசிப்பாள். மற்றவர்கள் கேட்டுக்கொண்டே வேலை செய்வார்கள். வெள்ளிக்கிழமை வெட்டிய பழத்தில் காம்பு சரியாக இருக்காது என்று வியாபாரிகள் முணுமுணுப்பார்கள். ஸ்டெல்லா உயிரோடு இருந்தால் கருப்பனுக்குச் சேவல் அடிப்பதாகத் தேவயானி நேர்ந்துகொண்டாள். அது வரைக்கும் எனக்கும் ஆட்சேபம் இல்லை. யார் நல்லா இருக்க வேண்டினாலும் வேண்டுதல் வேண்டுதல்தானே.

மார்கழி பிறந்த மறுநாள் காலையில் தேவயானி ஆட்களைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்கு வந்தாள்.

"பூசாரி, பூக்கட்டிப் பாக்கணும்."

"யாருக்கு ஆத்தா?"

"எட்வினுக்கு. நல்லவனா இல்லையான்னு தெரியாம ராத்திரி தூக்கம் இல்ல."

பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி வெற்றிலையில் மடித்து நூல் சுற்றிச் சாமி முன்னால் போடுவோம். விவரம் தெரியாத யாராவது ஒருவர் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் நல்லது. சிவப்பு வந்தால் ஆகாது. கல்யாணம், கிணறு, வீடு எதற்கும் கேட்போம். ஐப்பசியில் ஜோதிகாவுக்குப் போடி ஊர்ப் பையன் திலீபனைப் பார்த்தபோது தேவயானி இதே இடத்தில்தான் கேட்டாள். வெள்ளை வந்தது. தையில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது.

"அது கதையில வர்ற ஆளு ஆத்தா" என்றேன்.

"கருப்பனுக்குத் தெரியாத ஆளு உண்டா?" என்றாள். கட்டிப் போட்டேன்.

அந்நேரம் குமுளிப் பக்கத்து ஜீப் டிரைவர் ஒருவர் தண்ணீர் பிடிக்க நிறுத்தினார். அவரை எடுக்கச் சொன்னோம். "எந்தா சேட்டா, ஒண்ணு எடுத்தா மதியோ?" என்று, ஒன்று எடுத்தால் போதுமா என மலையாளத்தில் கேட்டுக்கொண்டே ஒன்றை எடுத்துப் பிரித்தார். செவ்வரளி.

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். "ஐயோ, டாக்டருக்குப் படிச்சவனாச்சே" என்று ஒருத்தி அழுதேவிட்டாள். ஜீப் டிரைவர் யாருக்கோ தீராத வியாதி என்று நினைத்து, தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

சேதி அண்ணன் காதுக்குப் போனது. வந்து என் முன்னால் உட்கார்ந்தார்.

"பூசாரி, ஏணியத் தள்ளுனது மேனேஜரு. மொத வாரத்துலயே நான் மனசுல வச்சுட்டேன். எட்வினுக்கும் ஸ்டெல்லாவுக்கும் இருபத்து நாலாந்தேதி சர்ச்சுல மோதிரம் மாத்துறதா இருக்கு. சாமி இப்பிடிச் சொன்னா நான் என்ன பண்ணட்டும்?"

"நீங்க எழுதுறத எழுதுங்கண்ணே" என்றேன். அவர் மனைவி ராஜாத்தி அங்கேயே நின்றிருந்தாள். "கருப்பன் சொன்ன பெறகு எழுத நீங்க யாரு?" என்று கேட்டுவிட்டு விபூதி பூசிக்கொண்டு போய்விட்டாள்.

மறுபடி பூக்கட்ட வழியில்லை. கேட்டதையே திரும்பக் கேட்பது சாமியைச் சோதிக்கிற காரியம். நான் ஒரு நாள் முழுக்க யோசித்து, தேவயானியிடம் பக்குவமாகச் சொன்னேன். "ஆத்தா, நம்ம கருப்பன் எல்லைச் சாமி. ஊர் எல்லைக்குள்ள உள்ளதத்தான் சொல்லுவாக. மேகமலை எல்லைக்கு அங்கிட்டு. அதனால எட்வின் விசயத்துல பூ செல்லாது."

நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னேன். தேவயானி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்ப போடி?"

"என்ன போடி?"

"போடியும் எல்லைக்கு அங்கிட்டுத்தானே பூசாரி? திலீபனுக்கு வந்த வெள்ளப் பூவும் செல்லாதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் எழுந்துவிட்டாள். "எட்வின் நல்லவன்னு கதையில வந்துச்சுன்னா, பூ பொய்யின்னு ஆகும். பூ பொய்யின்னா நான் எத நம்பிப் பிள்ளையக் குடுக்குறது? இருபத்து நாலாந்தேதி பாப்போம். அன்னைக்கு அவன் நல்லவனா இருந்தா இந்தக் கல்யாணம் இல்ல."

பிள்ளை ஜோதிகாவும் திலீபனும் அதற்குள் மனசுக்குப் பிடித்துப் பேசிப் பழகிவிட்டவர்கள். மண்டபத்துக்கு முன்பணம்கூடக் கொடுத்தாயிற்று. இப்போது ஒரு கல்யாணம், இல்லாத ஒரு டாக்டரின் தலையில் போய் நின்றது.

இரண்டு நாள் கழித்து ஜோதிகா அண்ணன் கடைக்கு வந்தாள். நான் அங்கேதான் இருந்தேன். வந்தவள் நேராகவே கேட்டாள்.

"மாமா, எட்வினக் கொலைகாரனாக்கிருங்க."

அண்ணன் கையில் இருந்த செம்புக் கம்பியைக் கீழே வைத்தார். "ஆத்தா, நாலு மாசமா வளத்த பய. ஸ்டெல்லாவுக்குக் காய்ச்சல்னு மழையில நடந்தே மலையேறுனவன். அவன் எறும்பக்கூட மிதிக்க மாட்டான்."

"எனக்குத் தெரியாதா? நாந்தான மாமா வாசிக்கிறேன். வாசிச்சு வாசிச்சு எனக்கே அவன் மேல ஒரு இது." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஆனா திலீபன் ஒண்ணும் மோசமில்ல மாமா. அவனும் நடப்பான்."

"உங்கம்மாகிட்ட நான் பேசுறேன்."

"பேசி ஆகாது. கருப்பன் வந்து பேசுனாத்தான் ஆகும். எட்வினுக்கு நீங்க வேற ஒரு கதை எழுதிக்கிரலாம் மாமா. எனக்கு யாரு எழுதுவா?"

அண்ணன் கீழே வைத்த கம்பியைத் திரும்ப எடுத்தார். பிறகு, "போ ஆத்தா, வீட்டுக்குப் போ" என்றார். அவள் போன பின்பு ஒரு மோட்டாருக்குக் காயில் சுற்ற ஆரம்பித்து, தலைகீழாகச் சுற்றி, எல்லாவற்றையும் பிரித்துப் போட்டார்.

அந்த வாரம் அவர் பட்ட பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எட்வினுக்குக் கெட்ட குணம் ஒன்று கொடுக்கப் பார்த்தார். வரவில்லை. குடிகாரனாக்கினார், அவன் குடித்துவிட்டு அனாதை இல்லத்துக்குக் காசு கொடுத்தான். சொத்து ஆசை வைத்தார், அவன் சொத்தைத் தோட்டத் தொழிலாளிகளுக்கு எழுதி வைத்தான். "சொன்ன பேச்சுக் கேக்க மாட்டேங்குறான் பூசாரி" என்று என்னிடம் முறையிட்டார். நான் அவருக்காகக் கருப்பனிடம் ஒரு விளக்குப் போட்டேன்.

இருபத்து நாலாம் தேதி சாயங்காலம் கோயில் முன்னால் தார்ப்பாய் விரித்துப் பெண்கள் எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். மாரீஸ்வரி டீ கொண்டுவந்தாள். ராயப்பன்பட்டியிலிருந்து மகிமா நர்ஸம்மாவும் கேக்கோடு வந்திருந்தது. தேவயானி முன்வரிசை. அண்ணன் கடைக்குள்ளேயே இருந்துகொண்டார். ஜோதிகா வாசித்தாள்.

சர்ச்சில் மெழுகுவர்த்தி எரிகிறது. பாட்டுப் பாடுகிறார்கள். ஸ்டெல்லா மோதிரத்தை நீட்டுகிறாள். எட்வின் விரலை நீட்டாமல், வாசலில் நிற்கும் போலீஸ்காரரிடம் இரண்டு கையையும் நீட்டுகிறான்.

"'ஏணியைத் தள்ளியது நான்தான், ஸ்டெல்லா'" என்று வாசிக்கும்போது ஜோதிகாவுக்குக் குரல் உடைந்தது. "'ஏன் என்று மட்டும் கேட்காதே. எனக்கே தெரியவில்லை. மேலே இருப்பவர் சொல்லிவிட்டார்.'"

தார்ப்பாயில் ஒரே ஒப்பாரி. "பாவி, பாவி, நல்லவன் மாதிரியே இருந்தானே" என்று தேவயானி மாரில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்டே மகளைப் பார்த்து, "போடிக்குப் போனப் போடு. தை ஏழாந்தேதிதான், மாத்தமில்லன்னு சொல்லு" என்றாள். மகிமா நர்ஸம்மா கேக்கை வெட்டாமல் கையில் வைத்துக்கொண்டே அழுதது.

வெளியூர் வாசகர்கள் அண்ணனைத் தாளித்து எடுத்துவிட்டார்கள். காரணமே இல்லாத கொலை, கிறுக்குத்தனமான முடிவு என்று எழுதினார்கள். ஒருவர் கதைக்கு மார்க்காகக் கொடுத்த நட்சத்திரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அண்ணன் யாருக்கும் பதில் எழுதவில்லை. ஸ்டெல்லா உயிரோடு இருந்ததால் தேவயானி சேவல் அடித்தாள். அண்ணன் அந்தக் கறியைத் தொடவில்லை.

தையில் கல்யாணம் நன்றாக நடந்தது. மாப்பிள்ளையை ஜோதிகா அண்ணன் காலில் விழச் சொன்னாள். எதற்கு என்று தெரியாமலே திலீபன் விழுந்தான். அண்ணன் அவனைத் தூக்கி நிறுத்தி முகத்தை உற்றுப் பார்த்தார். "மழையில நடப்பியாப்பா?" என்று கேட்டார். மாப்பிள்ளை பயந்துபோய் "நடப்பேங்க" என்றான்.

கருப்பன் அன்றைக்கு ஏன் சிவப்பைக் கொடுத்தார் என்று எனக்குத் தெரியாது. கேட்கிற உரிமையும் எனக்கில்லை. அண்ணனும் என்னிடம் கேட்டதில்லை. ஆனால் அதன் பிறகு அவர் கதை எழுதவில்லை. போன் சும்மாவே கிடந்தது. அடுத்த மார்கழிக்கு முன்னால் நெஞ்சுவலி என்று தேனி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் விபூதி எடுத்துக்கொண்டு பார்க்கப் போனேன். மீசை படிந்துபோய்க் கிடந்தார். நெற்றியில் பூசிவிட்டேன். ஊர்ச் சேதி கேட்டார். ஜோதிகா முழுகாமல் இருக்கிறாள் என்றதும் சிரித்தார். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தபோது என் கையைப் பிடித்து நிறுத்தினார். மருந்து வாங்கப் போன ராஜாத்தி திரும்பிவிட்டாளா என்று வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"பூசாரி, எட்வின் தள்ளல. எனக்குத் தெரியும், கருப்பனுக்கும் தெரியும். தேவயானிகிட்ட மட்டும் சொல்லிராதீக."