நோரா பிளென்கின் எடுக்காத கடிகாரம்

ஹெஸ்ஸல் ரோட்டில் ஒரு பேச்சு உலவியது. வியாழக்கிழமைதோறும் தொலைக்காட்சியில் ஓடுகிற போர்க்கால நாடகத்தில், குண்டு விழுந்து இடிந்த வீட்டுக்குள் நுழைந்து கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு போகிறாளே நோரீன் என்று ஒருத்தி, அவள் வேறு யாருமில்லை, பதினேழாம் எண் வீட்டு நோரா பிளென்கின்தான் என்பது பேச்சு. கடிகாரம் இன்னும் அவள் மாடியறையில் இருக்கிறது என்பது பேச்சின் வால். வாயைத் திறக்காமலிருக்கத் தொலைக்காட்சிக்காரர்கள் அவளுக்கு மாதாமாதம் ஏதோ அனுப்புகிறார்கள் என்பது வாலின் வால்.

இங்கிலாந்தின் ஹல் துறைமுக நகரத்தில் மீன் வாங்குகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்க மாட்டார்கள். வதந்திக்கு மட்டும் அந்த மரியாதையை யாரும் செய்வதில்லை. ஒருமுறை செய்து பார்த்தால் என்ன என்று தோன்றியது.

மாடியறையில் இருப்பது ஒரு தையல் மெஷினும், காலஞ்சென்ற கணவன் லென்னின் துறைமுகக் காலணிகளும்தான். அது கடிகாரமே இல்லாத வீடு. மணி தெரிய வேண்டுமென்றால் மீன் ஆலையின் சங்கு இருக்கிறது. அதற்குச் சாவி கொடுக்க வேண்டியதில்லை என்பாள் நோரா. தொலைக்காட்சிக்காரர்களிடமிருந்து வந்தது ஒரே ஒரு கடிதம். அதில் பணம் இல்லை, மன்னிப்பு இருந்தது. அதுவும் தவறான மன்னிப்பு. அதைப் பிறகு பார்ப்போம்.

நூலகத்தில் பழைய பத்திரிகைக் கட்டு ஒன்றில் மட்டும் விஷயம் அகப்பட்டது. மார்ச் 1942. நோரா பிளென்கின், வயது இருபத்தொன்பது, ரேஷன் கூப்பன் இல்லாமல் பதினான்கு ராத்தல் சர்க்கரை விற்றதற்காக ஐந்து பவுண்டு அபராதம். ஆக, அவள் குற்றவாளிதான். ஆனால் இதைக் கண்டுபிடிக்க நூலகத்துக்குப் போயிருக்கவே வேண்டாம். நோராவைக் கேட்டால் அவளே சொல்வாள். கேட்காவிட்டாலும் சொல்வாள்.

அந்தக் காலத்தில் லென் கப்பலிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். மூட்டை என்றால் கிழியும். கிழிந்தால் சிந்தும். சிந்தினதைப் பெருக்கத்தானே வேண்டும்? பெருக்கினதை அரசாங்கம் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை. நோரா அதைப் பழைய காலுறையில் போட்டுச் சலித்து, மரத்தூளையும் சணல் நாரையும் நீக்கி, குழந்தை வண்டியின் இரட்டை அடித்தட்டுக்குள் வைத்து, மேலே மகன் டெரிக்கைப் படுக்கவைத்துத் தெருத்தெருவாகத் தள்ளிக்கொண்டு போவாள். டெரிக் நல்ல எடையுள்ள பிள்ளை என்று போலீஸ்காரர்கள்கூடப் பாராட்டியிருக்கிறார்கள்.

பிடிபட்டபோது உணவுத்துறை ஆய்வாளர் அவளுடைய பித்தளைத் தராசையும் கைப்பற்றிச் சோதித்தார். எடை சரியாக இருந்ததை நீதிமன்றத்தில் அவர் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. பத்திரிகையிலும் அது வந்தது. 'எடை பிசகவில்லை' என்ற அந்த ஒரு வரிக்காகத்தான் நோரா இத்தனை வருஷமாக அந்தச் செய்தியைக் கத்தரித்து வைத்திருக்கிறாள். வாங்கினவர்கள் பெயரைச் சொன்னால் அபராதத்தைக் குறைக்கலாம் என்றார் நீதிபதி. வாங்குவதும் குற்றமாக இருந்த காலம் அது.

"முகம் எல்லாம் ஞாபகம் இருக்குங்க ஐயா," என்றாள் நோரா. "பேருதான் ஒண்ணுகூட நிக்கல."

அபராதம் குறையவில்லை. ஐந்து பவுண்டையும் கட்டினாள். பெயர்கள் அவள் வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்டன.

இந்த இடத்தில் ஒரு நுணுக்கத்தைச் சொல்லியாக வேண்டும். சர்க்கரை விற்றவள் வேறு; எரிகிற வீட்டில் பிடுங்கினவரை லாபம் என்கிற கூட்டம் வேறு. கள்ளச்சந்தைக்காரியோடு இந்த ஊர் தேநீர் குடிக்கும். குண்டு விழுந்த வீட்டில் கைவைத்தவனின் சவ ஊர்வலத்துக்குக்கூடப் போகாது. சட்டப் புத்தகத்தில் இரண்டும் குற்றம்தான். ஹெஸ்ஸல் ரோட்டின் புத்தகத்தில் ஒன்று குற்றம், மற்றது பாவம். நாடகம் எழுதின லண்டன்காரர்களுக்கு இந்தப் புத்தகம் கிடைக்கவில்லை.

நோராவின் சமையலறைச் சுவரில் பதினொரு ஆணிகள், பதினொரு வீட்டுச் சாவிகள். மீன் ஆலைக்கு விடியுமுன் போகிற பெண்கள், கேஸ் மீட்டர் பார்க்க வருகிறவனுக்கும், பள்ளி விட்டு வருகிற பிள்ளைகளுக்கும் கதவு திறந்துவிட அவளிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். யாரும் அதற்கு நன்றி சொன்னதில்லை. சொல்லத் தோன்றாத அளவுக்கு நம்பிக்கை.

நோரீன் வந்த அந்த ஆறாவது வார நாடகத்தை அவள் எல்லோரோடும் தொழிலாளர் சங்கத்துக் கிளப்பில் உட்கார்ந்துதான் பார்த்தாள். அங்கேதான் கலர் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. முதல் பாதியில் ஒரே சிரிப்பு. 1941-ல் நடக்கிற காட்சியில் கடைக்காரன் ரொட்டிக்குக் கூப்பன் கேட்டான். போர் முடிந்த பிறகுதானே ரொட்டிக்குக் கூப்பன் வந்தது? அறையே கூச்சல் போட்டுத் தொலைக்காட்சியைத் திருத்தியது. பிறகு நோரீன் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள், அடித்தட்டில் சர்க்கரை. "அட, நம்ம நோரா!" என்று கைதட்டினார்கள். நோராவும் எழுந்து குனிந்து வணக்கம் வைத்தாள். அடுத்த காட்சியில் நோரீன் இடிந்த வீட்டுக்குள் புகுந்து, செத்தவர்களைத் தாண்டிப் போய், கடிகாரத்தை வண்டியில் வைத்துக் குழந்தையின் போர்வையால் மூடினாள். கைதட்டல் நின்றுவிட்டது. தலைகள் திரும்பின.

ஊர் பற்றி எரிந்துகொண்டிருந்தபோது வானொலி இந்த நகரத்தின் பெயரைச் சொன்னதில்லை. 'வடகிழக்குக் கரையோரத்தில் ஓர் ஊர்' என்று முடித்துக்கொள்வார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. இப்போது திருட்டுக் காட்சி வந்ததும் ஹல் என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டார்கள்.

மறுநாள் பக்கத்து வீட்டு ப்ரெண்டா வந்தாள். மீன் கழுவின கையைத் துடைத்துக்கொண்டே, நோராவின் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"நோரா ஆன்டி, அந்தச் சாவி... எங்க வீட்டுக்காரர் அதே மாதிரி இன்னொண்ணு செய்யணும்னு கேக்கறாரு."

"செஞ்சிட்டுத் திருப்பிக் கொடுப்பியா கண்ணு?"

"பாக்கலாம் ஆன்டி."

"கடிகாரம் பாக்கணும்னா நேரா மாடிக்குப் போ. மூணாவது படி ஆடும், பாத்து ஏறு."

ப்ரெண்டா மாடிக்குப் போகவில்லை. சாவியோடு போனாள். செவ்வாய்க்கிழமைக்குள் சுவரில் நான்கு சாவிகள்தான் மிச்சம். நோரா வெறும் ஆணிகளையும் துடைத்து வைத்தாள். துடைத்துவிட்டு உட்கார்ந்து தொலைக்காட்சி நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினாள்.

பத்து நாளில் பதில் வந்தது. ரொட்டிக் கூப்பன் பிழைக்கு நிறுவனம் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்திருந்தது; இருநூற்றுக்கும் மேற்பட்ட நேயர்கள் அதைச் சுட்டிக்காட்டியிருந்தார்களாம். நோரீன் முழுக்கக் கற்பனைப் பாத்திரம். வண்டி விவரம் மட்டும் 'உங்கள் நகரத்து நேயர் ஒருவர்' அன்போடு எழுதியனுப்பியது. கடிகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒரு பெண்ணைப் பிணத்திடம் திருடியவளாக்கினால் பரவாயில்லை. ரொட்டியில் பிழை வந்தால்தான் இந்த நாடு பேனாவை எடுக்கும்.

வண்டியின் அடித்தட்டைப் பற்றித் தெரிந்தவர்கள் வாங்கினவர்கள் மட்டும்தான். எழுதியது யாராக இருக்கும் என்று நோராவுக்குப் புரியாமலில்லை. வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வியாழன் கிளப்புக்குத் தன் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு போனாள். நாடகம் தொடங்கும் நேரத்தில், கிளப் செயலாளர் சிரிலிடம் சத்தத்தைக் குறைக்கச் சொன்னாள்.

"ரெண்டே நிமிஷம் சிரில். அப்புறம் அவங்க பொய்யக் கேட்டுக்கலாம்."

கைப்பையிலிருந்து அந்தப் பத்திரிகைத் துண்டை எடுத்து, 'எடை பிசகவில்லை' வரைக்கும் நிதானமாக வாசித்தாள். "இதுதான் நான் பண்ணது. ஒரு குந்துமணி கூடவும் இல்ல, குறையவும் இல்ல. கடிகாரம் என் கணக்குல கிடையாது."

கடல் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வால்ட், கோப்பைக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தான். "சர்க்கரைய விக்கிறவ கடிகாரத்த மட்டும் விட்டு வெச்சிருப்பாளா? யாராச்சும் சாட்சி இருக்காங்களா நோரா?"

அவள் வாய் திறந்தது. சட்டப்படி கேக்கின் மேல் சர்க்கரைப் பூச்சே கூடாது என்றிருந்த காலத்தில், கல்யாணங்களுக்கு பேக்கரிக்காரன் அட்டையில் செய்த மூன்றடுக்குக் கேக்கை வாடகைக்கு விடுவான். படம் எடுத்ததும் அட்டையைத் தூக்கிவிட்டு, அடியில் இருக்கும் சின்ன வறட்டுக் கேக்கை வெட்ட வேண்டும். ஒரே அட்டைக் கேக் பதினாலு கல்யாணம் பார்த்திருக்கிறது. இந்தத் தெருக்களில் மட்டும் சில கல்யாணங்களில், நோராவின் சர்க்கரையால், கத்தி நிஜக் கேக்கிலேயே இறங்கியது. வால்ட்டின் கல்யாணம் அதில் ஒன்று. நாக்கு நுனிவரை வந்ததை நோரா மென்று விழுங்கினாள்.

"சாட்சி இருக்கு. பேரு சொல்ல மாட்டேன். நீதிபதிக்கே சொல்லல, உனக்கு சொல்லிடுவேனா?"

திரையில் நடிகர்கள் சத்தமில்லாமல் வாயசைத்துக்கொண்டிருந்தார்கள். நோரா துண்டை மடித்துக் கைப்பையில் வைத்து, கோட்டின் பொத்தானைப் போட ஆரம்பித்தாள்.

அப்போது ஆரஞ்சு ஜூஸ் மேஜையிலிருந்து மிஸஸ் எடித் சடபி எழுந்தாள். அறுபத்தெட்டு வயது, சிற்றாலயத்தில் ஆர்மோனியம் வாசிப்பவள், மதுவைத் தொடாதவள். கலர் பெட்டிக்காக மட்டும், அதுவும் போதகரின் மனைவியைத் துணைக்கு வைத்துக்கொண்டு, வியாழக்கிழமைகளில் இங்கே வருவாள்.

"வண்டியப் பத்தி எழுதிப் போட்டது நான்தான்," என்றாள். "போர்க்கால ஞாபகம் இருந்தா எழுதுங்கன்னு பேப்பர்ல போட்டிருந்தாங்க. நான் பேரு போடல. கடிகாரம் நான் எழுதினதில்ல. அது அவங்களா மாட்டினது."

"நீ ஏன் இத்தன நாளா சொல்லல எடித்?" என்றான் சிரில்.

"சொன்னா முழுசாச் சொல்லணுமே." அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "நாப்பத்தொண்ணு மே மாசம். விடிஞ்சு பாத்தா எங்க வீட்டுக் கூர சமையக்கட்டுல கெடக்கு. இவ வண்டியத் தள்ளிக்கிட்டு வந்தா. பிள்ளைய என் மடியில போட்டுட்டு, என் சாமான வண்டியில ஏத்தி, ஆலய மண்டபத்துக்கு நாலு நடை அடிச்சா. எங்கம்மா கடிகாரமும் அதுலதான் போச்சு. இப்பவும் என் வீட்டு அடுப்பு மேடை மேலதான் ஓடுது. சாயங்காலம் எண்ணிப் பாத்தேன், ஒரு டீஸ்பூன்கூடக் குறையல."

"எண்ணிப் பாத்தியா?" என்றாள் நோரா.

"பாத்தேன்."

"அடிப்பாவி. முப்பத்துமூணு வருஷமா இதச் சொல்லவேயில்லையே."

வால்ட் விடவில்லை. "அது சரி, அவ்வளவு காலையில இவ எதுக்கு உன் வீட்டுக்கு வந்தா?"

போதகரின் மனைவி கோப்பையைக் கீழே வைத்தாள். மிஸஸ் சடபி நிமிர்ந்து நின்றாள்.

"ரெண்டு ராத்தல் சர்க்கரை கொண்டு வந்தா. என் தங்கச்சி வினி கல்யாண கேக்குக்கு. நான்தான் சொல்லி வெச்சிருந்தேன். போதுமா வால்ட்? இப்ப உன் கேக் அட்டையா இல்லையான்னு நீயே சொல்லிடு."

வால்ட் கோப்பையை ஒதுக்கி வைத்தான். "நெசக் கேக்தான்," என்றான். "மூணு ராத்தல்." அதற்குப் பிறகு அறையில் ஓர் ஏலம் மாதிரி ஆகிவிட்டது. ஞானஸ்நானத்துக்கு ஒன்று, மாமியார் வருகைக்கு அரை, கடலிலிருந்து திரும்பின அண்ணனுக்கு ஒன்றரை. முப்பது வருஷம் ஒளித்துவைத்த குற்றத்தை இப்படிப் போட்டி போட்டுக்கொண்டு ஒப்புக்கொண்ட ஊரை எந்த நீதிமன்றமும் பார்த்திருக்காது. வாங்காதவர்கள் இரண்டு பேர்கூட வாங்கினதாகச் சொன்னார்கள் என்பது நோராவின் கருத்து. அன்றைய நாடகத்தை யாரும் பார்க்கவில்லை.

நோரா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு எடைக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பெயரும் அவள் வாயிலிருந்து வரவில்லை. அந்தக் கர்வம் அவள் முகத்தில் இன்றுவரை அப்படியே இருக்கிறது. கேட்டால் இல்லை என்பாள்.

போன ஏழு சாவிகளில் ஐந்து திரும்பி வந்துவிட்டன. ப்ரெண்டா சாவியோடு இரண்டு துண்டு காட் மீனும் கொண்டுவந்தாள். இரண்டு ஆணிகள் காலி. அவற்றில் ஒன்றில் பத்திரிகைத் துண்டு தொங்குகிறது.

ஆனால் விஷயம் அதோடு தீரவில்லை. சனிக்கிழமை மிஸஸ் சடபி கைக்குட்டையில் ஒரு நாணயத்தை முடிந்துகொண்டு பதினேழாம் எண்ணுக்கு வந்தாள். குண்டு விழுந்த அன்று அவள் பணப்பை செங்கல்லுக்கு அடியில் கிடந்ததாம். இரண்டு ராத்தலுக்கும் காசே கொடுக்கவில்லையாம்.

"ரெண்டு ஷில்லிங். இப்போதையக் கணக்குல பத்துப் பென்ஸ்."

"பத்துப் பென்ஸுக்கு இன்னிக்கு என்ன வரும் எடித்?"

"வட்டி வாங்கறது பாவம், நோரா."

"வட்டி எவ கேட்டா? நான் காசா கொடுத்தேன்? சர்க்கரை கொடுத்தேன். சர்க்கரையாத் திருப்பிக் கொடு."

அதுதான் சிக்கல். இந்த இலையுதிர் காலத்தில் நாடு முழுக்கச் சர்க்கரைத் தட்டுப்பாடு. கடைகளில் வரிசை, ஆளுக்கு இவ்வளவுதான் என்று அளவு. மிஸஸ் சடபி வாரத்துக்கு மூன்று கடை ஏறி இறங்குகிறாள். போன செவ்வாய்க்கிழமை ஒரு ராத்தல் அகப்பட்டதென்று மூச்சிரைக்கக் கொண்டுவந்தாள். நோரா அதைத் தராசில் வைத்துப் பார்த்தாள். முக்கால் அவுன்ஸ் குறைந்தது. தவணையும் ஏற்பதில்லை, எடை குறைந்ததும் ஏற்பதில்லை என்று ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டாள்.